கேட்டு எழுதிய பாதிரியார்: பீற்றர் பேர்சிவலின் வாழ்வும் நூல்களும்

1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் கப்டன் ட்றைபேர்க்கின் படையிடம் பண்டாரவன்னியன் தோல்வி கண்டான். அந்த நிகழ்வையும் அங்குள்ள நினைவுக்கல்லையும் பற்றி எமது பாடசாலையில் வரலாறு படித்த எவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அதே ஆண்டு யூலை 24ஆம் திகதி இங்கிலாந்திலே பிறந்த ஒருவர், பிற்காலத்தில் பாதிரியாராகி எமது வடபகுதிக்கு வந்து, இங்குள்ள கல்விக்கும் தமிழுக்கும் சில நல்ல பணிகளைச் செய்தார். அவரே வண. பீற்றர் பேர்சிவல் (1803–1882). இரண்டு செய்திகளுக்கும் தொடர்பு ஏதுமில்லை. வன்னிப் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டு மனதில் பதிந்திருக்கும் என்பதாலேயே அதிலிருந்து தொடங்குகின்றேன்.

பேர்சிவல் வன்னியில் பணியாற்றியவரல்லர். அவருடைய வாழ்வு யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் கழிந்தது. ஆங்கில இலக்கிய வரலாற்றில் அவருக்கு இடமில்லை. தமிழுக்குப் பணி செய்த பாதிரிமார் வரிசையிலும் கால்டுவெல், போப் ஆகியோருக்குப் பின்னால்தான் அவர் நிற்கின்றார். எம்மவர்க்கு அவர் “ஆறுமுக நாவலருக்கு வேலை கொடுத்த பாதிரியார்” என்ற அளவிலேயே அறிமுகமானவர். இருந்தும் எமது நூற்றாண்டு மலரில் அவரைப் பற்றி எழுத இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, எமது பாடசாலை போன்ற பாடசாலைகளின் வழித்தடம் அவருடைய வீட்டு வாசலைத் தொட்டே வருகின்றது. இரண்டாவது என் தொழில் சார்ந்தது. பிறர் சொல்வதைக் கேட்டு எழுதுவதே வைத்தியரின் முதல் வேலை. பேர்சிவலின் நூல்களில் இன்றும் பயன்படுபவை அவ்வாறு கேட்டு எழுதியவையே.

யாழ்ப்பாணத்தில்

வெஸ்லியன் மெதடிஸ்த மிஷன் 1814இல் இலங்கைக்கு வந்தது. அமெரிக்க மிஷன் 1816இலும் சர்ச் மிஷன் 1818இலும் தொடர்ந்தன. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் 1826இல் யாழ்ப்பாணம் வந்தபோது அவருக்கு வயது இருபத்து மூன்றுதான். இடையில் சில காலம் வங்காளத்தில் பணியாற்றிவிட்டு மீண்டும் யாழ்ப்பாணம் திரும்பினார். மிஷன் அங்கு நடத்தி வந்த ஆங்கிலப் பாடசாலையை 1834இல் அவர் சீரமைத்து மத்திய பாடசாலை எனப் பெயரிட்டார். அதுவே இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி.

பெண்பிள்ளைகள் பாடசாலைக்குப் போவது அக்காலத்தில் பெரும் புதுமை. அமெரிக்க மிஷன் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியிருந்தது. வேம்படி மகளிர் உயர்தரப் பாடசாலை தன் தொடக்கத்தை 1834இலிருந்து கணக்கிடுகின்றது. அதுவும் பேர்சிவல் காலத்து வெஸ்லியன் மிஷன் இட்ட வித்துத்தான். இப்பாடசாலைகளிலும் இவற்றைப் பார்த்துப் பின்னர் எழுந்த பாடசாலைகளிலும் படித்த பெண்களில் பலர் ஆசிரியைகளாயினர். வன்னியில் பாடசாலைகள் தோன்றியபோது பெட்டி படுக்கையோடு புகையிரதத்திலும் பேருந்திலும் வந்திறங்கிய யாழ்ப்பாணத்து ஆசிரியைகளை மூத்த பழைய மாணவிகள் நினைவில் வைத்திருப்பர்.

பாதிரியாரும் நாவலரும்

நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுகம் என்ற சிறுவன் ஆங்கிலம் கற்பதற்காகப் பேர்சிவலின் பாடசாலையிற் சேர்ந்தான். தமிழை அவன் ஏற்கெனவே முறையாகக் கற்றுவந்தான். இருபது வயதை எட்டுமுன்னரே அவனை அங்கேயே ஆசிரியனாக்கிய பாதிரியார், தமக்குத் தமிழ்ப் பண்டிதனாகவும் வைத்துக்கொண்டார். வயதில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இளையவனான தம் மாணவனிடம் ஐயம் கேட்டுத் தெளிவதை அவர் தாழ்வாகக் கருதவில்லை.

அப்போது பேர்சிவலின் கையில் இருந்த பெரும் பணி விவிலியத்தைப் புதிதாகத் தமிழில் பெயர்ப்பது. அதற்கு ஆறுமுகம் துணை நின்றார். ஆனால் மதம் மாறவில்லை. திருநீறணிந்த சைவராகவே வந்து கிறிஸ்தவ வேதத்தின் தமிழைத் திருத்திவிட்டு வீடு திரும்பினார். 1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கங்களைத் தொடங்கினார். மிஷனின் சம்பளத்தில் இருக்கும் ஒருவர் மிஷனுக்கு எதிரான கருத்துகளைக் கோயிலில் பேசுவதை எந்தப் பாதிரியாரும் விரும்பியிருக்க முடியாது. எனினும் பேர்சிவல் அவரை விலக்கவில்லை. 1848இல் மொழிபெயர்ப்பை அங்குள்ள அறிஞர் பார்வைக்கு வைப்பதற்காக இருவரும் சென்னைக்குப் பயணமாயினர். மழவை மகாலிங்கையர் அதன் தமிழை ஏற்றுக்கொண்டதாக நாவலர் சரித்திரங்கள் கூறும். அதே ஆண்டில் ஆறுமுகம் தாமாகவே பணியிலிருந்து விலகி, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்.

பாதிரியாரிடம் கண்ட வகுப்பு, பாடநூல், பிரசங்கம், அச்சுக்கூடம் ஆகிய எல்லாவற்றையும் நாவலர் சைவத்துக்காகப் பயன்படுத்தினார். 1923இல் உருவான சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊரூராகப் பாடசாலைகள் அமைத்ததும் நாவலர் காட்டிய வழியைப் பின்பற்றியே. ஆகவே வன்னிப் பாடசாலை ஒன்று மிஷன் வழியில் வந்ததாயினும் சரி, சைவ வழியில் வந்ததாயினும் சரி, பின்னோக்கிப் போனால் இரண்டு வழிகளும் யாழ்ப்பாணத்தில் பாதிரியாரும் பண்டிதரும் எதிரெதிரே அமர்ந்திருந்த அந்த மேசையருகே சந்திக்கின்றன.

1854இல் இரண்டு நூல்கள்

இருவரும் சேர்ந்து உழைத்த விவிலியம் 1850இல் அச்சாகியது. அதன் நடை உயர்ந்தது. ஆனால் தென்னிந்தியச் சபைகள் தமக்குப் பழகிய பழைய மொழிபெயர்ப்பை விட்டுக்கொடுக்கவில்லை. பின்னர் ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு ஆக்கிய ஐக்கிய மொழிபெயர்ப்பு 1871இல் வெளிவந்து நிலைபெற்றது. பேர்சிவல் தம் வாழ்வின் முதன்மைப் பணியாகக் கருதியிருக்கக்கூடிய நூல் இவ்வாறு இருபது ஆண்டுகளில் வழக்கொழிந்தது.

இதற்கிடையில் அவர் இங்கிலாந்து திரும்பி, மெதடிஸ்த சபையை விட்டு அங்கிலிக்கன் சபைக் குருவானார். கன்ரபரியிலுள்ள புனித அகஸ்தீன் மிஷனறிக் கல்லூரியில் இந்தியா பற்றி விரிவுரைகள் ஆற்றினார். அவற்றின் சாரத்தைக் கொண்டு 1854இல் இலண்டனில் வெளியான நூலே ‘வேத நாடு’ என்று பொருள்படும் தலைப்பையுடைய அவரது ஆங்கில நூல். இந்தியாவின் நிலம், சமூகம், அறிவு, ஒழுக்கம் அனைத்தையும் ஒரே நூலில் அடக்க முயன்றார். அதில் உழைப்பு உண்டு. அதே வேளையில், தம் மதமே உயர்ந்தது என்ற முன்முடிவோடு எழுதப்பட்ட நூல் அது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அதே 1854இல் அவருடைய பழைய மாணவர் நாவலர், மிஷனறிமாரின் கண்டனங்களுக்கு மறுப்பாகச் ‘சைவதூஷண பரிகாரம்’ என்ற நூலை வெளியிட்டார். ஒரே மேசையில் வேலை செய்த ஆசிரியரும் மாணவரும் ஒரே ஆண்டில் எதிரெதிர் முனைகளில் நின்று எழுதினர். நாவலரின் நூலை இன்றும் தேடிப் படிப்போர் உண்டு. பாதிரியாரின் நூலை ஆய்வாளர் தவிர வேறெவரும் திறப்பதில்லை.

சென்னையில்

பேர்சிவல் வேறொரு மிஷனின் சார்பில் சென்னைக்கு வந்தார். விரைவில் அதனையும் விட்டு விலகிக் கல்வித்துறையிற் சேர்ந்தார். மாநிலக் கல்லூரியில் வடமொழிக்கும் நாட்டு மொழிகளுக்கும் பேராசிரியரானார். ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்றைத் தொகுத்தார். தெலுங்குக்கும் அகராதிப் பணி செய்தார். 1855இல் ‘தினவர்த்தமானி’ என்ற தமிழ்ச் செய்தி இதழைத் தொடங்கினார். பெயரில் தினம் இருந்தாலும் அது வாரம் ஒருமுறை வெளிவந்த இதழ்.

அவ்விதழின் ஆசிரியர் பணிக்கு அவர் யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் இளைஞரை அழைத்தார். சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளைதான் அவர். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவராகத் தேறி, பிற்காலத்தில் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த அதே பிள்ளையவர்கள். தகுதியுள்ள இளைஞரை இனங்காணும் கண் பேர்சிவலுக்கு இருந்தது என்பதற்கு நாவலரும் பிள்ளையும் போதிய சாட்சிகள்.

கடைசிக் காலத்தைச் சேலம் மாவட்டத்து ஏற்காடு மலையிற் கழித்து, 1882இல் அங்கேயே காலமானார். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்லியலுக்கு வித்திட்ட றொபேட் புறூஸ் பூட் அவருடைய மருமகன். மாமனார் தமிழரின் சொற்களைப் பொறுக்கினார். மருமகன் இந்த மண்ணின் கற்களைப் பொறுக்கினார்.

பழமொழித் தொகுப்பு

அவருடைய நூல்களில் இன்றும் மறுபதிப்பாகி வாங்கப்படுவது தமிழ்ப் பழமொழித் தொகுப்பு ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் இருந்தபோதே 1843இல் சிறிய அளவில் அதனை வெளியிட்டார். முப்பது ஆண்டுகள் மேலும் சேர்த்து, 1874இல் சென்னையில் தினவர்த்தமானி அச்சுக்கூடத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளுடன் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். அகரவரிசையில் பழமொழி, அதனோடு ஆங்கிலப் பொருள். நூலின் அமைப்பு அவ்வளவே. மெதடிஸ்த சபையை விட்டார், மிஷனை விட்டார், யாழ்ப்பாணத்தை விட்டார். இந்தக் குறிப்பேட்டை மட்டும் அவர் விடவில்லை.

ஆனால் இந்நூலில் ஒரு பெரிய குறை உண்டு. ஆறாயிரம் பழமொழிகளில் ஒன்றுக்குக்கூட, அதைச் சொன்னவர் யார், எந்த ஊர், எந்த வேளையில், யாரைப் பார்த்துச் சொன்னார் என்ற குறிப்பு இல்லை. இது சிறிய குறையன்று. “ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்” என்ற பழமொழியை எடுத்துக்கொள்ளுங்கள். அது ‘வேரைக் கொண்டவன்’ என்பதன் திரிபு என்று சிலர் கூறுவர். மூலிகை இடிக்கும் பரியாரியார் அதைச் சொன்னால் அனுபவத்தின் அருமையைச் சொல்கிறார். பிழையான மருந்தால் பிள்ளையை இழந்த தாய் சொன்னால் அது சாபம். “பெண்புத்தி பின்புத்தி” என்பதை ஓர் ஆண் கோபத்தில் சொன்னாரா, பிடிவாதக்காரப் பேத்தியைப் பார்த்து ஓர் ஆச்சி சிரித்துக்கொண்டு சொன்னாரா என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். பழமொழி வழங்கும் இடங்கள் அடுப்படியும் கிணற்றடியும் வயற்கரையும். அங்கே பேசியோரில் பெரும்பகுதியினர் பெண்கள். நூலின் முகப்பில் பாதிரியாரின் பெயர் இருக்கின்றது. எமது பூட்டிமாரின் பெயர் எங்கும் இல்லை.

நோயாளி சொல்லும் சொல்

இது ஏதோ பழங்கால இலக்கியப் பிரச்சினை என்று எண்ண வேண்டாம். மருத்துவபீடத்தில் நாங்கள் ஆங்கிலத்தில் படித்தோம். வாட்டுக்கு வந்த பின்னர்தான் எங்கள் நோயாளரின் தமிழை மீண்டும் படிக்க வேண்டியிருந்தது.

“வருத்தம்” என்றால் எமக்கு நோய். தமிழ்நாட்டவருக்கு அது துக்கம். “கை விறைக்குது” என்று எமது அம்மா ஒருவர் சொன்னால் உணர்வு குறைந்திருக்கிறது என்று பொருள். வேறு ஊர்த் தமிழர் அதைக் கை மடக்க முடியாமல் இறுகிவிட்டது என்று விளங்கிக்கொள்வார். முன்னது நீரிழிவையோ பாரிசவாதத்தையோ நினைக்க வைக்கும். பின்னது மூட்டு வாதத்தின் பக்கம் கொண்டுபோகும். “கால் உளையுது”, “சலம் கடுக்குது”, “நெஞ்சு அந்தரமாக் கிடக்கு பிள்ளை” என்பனவும் அப்படியே. ‘அந்தரம்’ என்பதற்கு ஒரே ஆங்கிலச் சொல் கிடையாது. மாரடைப்பு வந்தவரும் அதைத்தான் சொல்கிறார். காணாமற்போன மகனை நினைத்து உறக்கமில்லாத தாயும் அதைத்தான் சொல்கிறார்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் ஒஸ்லோவிலும் வாழும் எமது தோழிகளில் பலர் இன்று தம் தாய்மாருக்கு வைத்தியசாலை மொழிபெயர்ப்பாளர்கள். அவர்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு சொல்லைப் பொறுத்தே அங்குள்ள வைத்தியர் எந்தச் சோதனையை எழுதுவார் என்பது முடிவாகின்றது. நாளை அவர்களுடைய பிள்ளைகள் அதே வேலையைச் செய்யும்போது ‘அந்தரம்’ என்ன என்பது அப்பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்குமா?

பேர்சிவல் யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்திலேயே, 1847இல், மருத்துவ மிஷனறியான டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்காவிலிருந்து வந்தார். பின்னர் மானிப்பாயில் தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவரும் ஒவ்வோர் உறுப்புக்கும் நோய்க்கும் எம்மவர் என்ன சொல்கின்றனர் என்று கேட்டுத்தான் தொடங்கியிருக்க முடியும். பாதிரியாருக்கும் வைத்தியருக்கும் அது பொதுவான பாடம்.

எமது கையில் இருப்பது

வன்னியின் சொற்கள் அந்த அகராதிகளுக்குள் முழுமையாக வந்து சேரவில்லை. அக்காலத்து வன்னி காய்ச்சலுக்கும் காட்டுக்கும் பெயர்போன, ஆட்குறைந்த நிலம். துருசு திறப்பதும், குளம் வான் பாய்வதும், சூடு மிதிக்கும் களத்தில் நெல்லைப் ‘பொலி’ என்றே அழைக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் வயலோடு வாழ்ந்தவர்களின் வாயில் வழங்கியவை. ‘குலைப்பன் காய்ச்சல்’ என்ற பெயரை எமது ஆச்சிமார் அச்சத்தோடு சொல்வார்கள். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நோய் போனது பெரும் நிம்மதி. ஆனால் அந்தப் பெயரை அறிந்தவர்கள் போனால், ஒரு தலைமுறை முழுவதும் எதற்கு அஞ்சி வாழ்ந்தது என்பதைச் சொல்ல ஆளிருக்காது.

எழுதி வைத்தவையும் எமக்கு நிலைக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 2009இல் முடிந்த போரின் இடப்பெயர்வுகளில் எமது பாடசாலை தன் வரவுப் பதிவேடுகளையும் சஞ்சிகைகளையும் குழுப்படங்களையும் இழந்தது. இம்மலருக்காகத் தேடிய பழைய படங்களில் பெரும்பாலானவை வெளிநாடுகளில் இருக்கும் தோழியரின் அல்பங்களிலிருந்தே வந்தன. பல பிரதிகளாகிப் பல நாடுகளுக்குப் போனதாலேயே பேர்சிவலின் நூல்களும் இன்று எம் கைக்குக் கிடைக்கின்றன. அவரிடமிருந்து கற்க வேண்டிய நடைமுறைப் பாடம் இதுவே: எழுத வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வைக்கவும் வேண்டும்.

எமது மூத்த பழைய மாணவிகளில் சிலர் எண்பதையும் தொண்ணூறையும் எட்டியிருக்கின்றனர். முதுமறதி நோய் ஒருவரின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துச் செல்வதைத் தொழில் ரீதியாகத் தினமும் காண்பவள் என்ற முறையில் சொல்கின்றேன்: இந்த வேலைக்கு அதிக காலம் இல்லை.

ஒவ்வொரு பழைய மாணவியும் தன் தாயிடமோ ஆச்சியிடமோ மாமியிடமோ கேட்டுப் பத்துச் சொற்களையோ பழமொழிகளையோ எழுதட்டும். ஒவ்வொன்றின் கீழும் பேர்சிவல் விட்டுவிட்ட நான்கையும் சேர்த்து எழுதட்டும்: சொன்னவரின் பெயர், அவருடைய ஊர், சொன்ன வேளை, யாருக்குச் சொன்னார் என்பது. தொலைபேசியில் குரலைப் பதிந்து வைத்தால் இன்னும் நன்று. அவற்றைத் தொகுத்து ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்திலும் மற்றப் பிரதிகளை ஒவ்வொரு நாட்டுக் கிளையிடமும் வைப்பது எமது சங்கத்துக்கு இயலாத காரியமல்ல. ஆயிரம் மாணவிகள் பத்துப் பத்தாக எழுதினால் பத்தாயிரம் ஆகும். பாதிரியார் முப்பது ஆண்டுகளில் சேர்த்ததைவிட அது கூடுதல்.

இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் இளைஞர், தமக்குத் தெரியாத மொழியைத் தம் மாணவனிடமும் ஊராரிடமும் கேட்டுக் கற்று எழுதினார். எமக்கு அந்த மொழி தெரியும். சொல்பவர்களின் பெயரும் தெரியும். நூற்றாண்டு காணும் எமது பாடசாலை எங்களுக்கு எழுதக் கற்றுத் தந்திருக்கின்றது. அந்த எழுத்தைக் கொண்டு முதலில் எமது வீட்டுப் பெண்களின் பெயர்களை எழுதத் தொடங்குவோம்.